வலப்பக்கத்து ஆள்

ஜனவரி 8, திங்கள்

ரோவினா கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பார்சல் இன்றுதான் வந்தது. ரோவினா என் தம்பி மகள், பெங்களூரில் வேலை. அன்பு உண்டு, நேரம் தவறாமை கிடையாது. உள்ளே சோப்புப் பெட்டி அளவில் ஒரு தகர டப்பா. அதற்குள் இருபத்தைந்து சீட்டுகள், எட்டாக மடித்த ஆங்கிலத் துண்டுத்தாள். ‘கூடு’ என்று ஆட்டத்தின் பெயர். மூடியிலேயே ‘பதினைந்து நிமிடம்’ என்று போட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் இருப்போம் என்று சொல்லிவிட்டு என்னைத் தேடி வரும் விருந்தாளி இது ஒன்றுதான்.

இந்தக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கேரம் பலகை இருக்கிறது, ஸ்ட்ரைக்கர் இல்லை. செஸ் இருக்கிறது. நவம்பரில் தொடங்கிய ஓர் ஆட்டம் பாதியில் நிற்கிறது. ஆடிய இருவரில் ஒருவர் டிசம்பரில் போய்விட்டார். மற்றவர் டாக்டர் நஞ்சப்பன். கோபியில் மாட்டு டாக்டராக இருந்தவர். பலகையைக் கலைக்க மனம் வரவில்லை என்கிறார். முதியோர் குடியிருப்பில் செஸ் ஆடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

புது நாட்குறிப்பு. இந்த வருடமும் தமிழில்தான். கான்வென்ட் விடுதியில் எட்டு வயதில் வந்த பழக்கம். அங்கே தமிழ் பேசினால் முட்டி போட வேண்டும், ஆனால் சிஸ்டர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஜனவரி 10, புதன்

துண்டுத்தாளைத் தமிழில் எழுதி முடித்தேன். மூன்று முறை எழுதிப் பார்த்து, பிறகு சுத்தப் பிரதி எடுத்தேன். மற்றவர்களால் அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தை வாசிக்க முடியாது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆபீசில் லேமினேட் செய்து பொதுக்கூடத்துச் சுவரில் மாட்டினார்கள்.

ஆட்டம் இதுதான். ஆறு பறவைகள், ஒவ்வொன்றிலும் நான்கு சீட்டு. இருபத்தைந்தாவது குயில். எல்லாவற்றையும் நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வரும். அவர் வேண்டாத ஒரு சீட்டைக் கவிழ்த்தபடி பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். அவர் தமக்கு வேண்டாததை அடுத்தவருக்கு. இப்படியே வலமாகச் சுற்றி வரும். ஒரே பறவை நான்கும் சேர்ந்தவர் ‘கூடு’ என்று மேசையில் கையை வைக்க வேண்டும். அந்த நிமிடம் குயில் யார் கையில் இருக்கிறதோ அவர் தோற்றவர்.

ஒரு குழந்தைக்கும் புரியும்.

ஜனவரி 11, வியாழன்

நாலு மணி, தேநீருக்கு முன். நான், டாக்டர் நஞ்சப்பன், மீனலோசனி, தையல்நாயகி.

மீனலோசனிக்குக் காது கேட்காது, எதற்கும் தலையாட்டுவாள். அதனால் நல்ல கூட்டு. தையல்நாயகி மாயவரத்துப் பக்கம். மகன் ஷார்ஜாவில். கீழ்த்தளம் ஒன்பதாம் எண் அறை. அந்த அறைக்குத் தோட்டத்துப் பக்கம் தனிக்கதவு உண்டு. விடிந்ததும் அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய் வேப்பமரத்தடிப் பிள்ளையாரைப் பதினோரு சுற்று சுற்றுவாள். இரண்டாம் தளத்து என் ஜன்னலிலிருந்து தெரியும். எண்ணியிருக்கிறேன்.

எனக்கு வலப்பக்கம் அவள் உட்கார்ந்தாள். நான் குயிலை அவளிடம் தள்ளினேன். அவள் ஒரு சீட்டை எடுத்து என்னிடமே தள்ளினாள். பார்த்தால் அதே குயில்!

“எனக்கு ஏன் தர்றீங்க? வலப்பக்கம் தரணும்.”

“வலமாத்தாங்க குடுக்கறேன், ஹில்டாம்மா.”

“உங்க வலக்கை எது?”

வலக்கையைச் சரியாகத்தான் தூக்கிக் காட்டினாள்.

“அந்தக் கைப்பக்கம் யார் இருக்கா?”

“மீனாம்மா.”

“அப்ப அவங்களுக்குத்தான் போகணும்?”

சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். விரலால் மேசை மேல் ஒரு வட்டம் போட்டாள். “வலமான்னா இப்படின்னு நெனச்சேங்க” என்றாள். டாக்டர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மீனலோசனியும் சிரித்தாள். தையல்நாயகியும் சிரித்துவிட்டாள்.

தூத்துக்குடி துறைமுகக் குடியிருப்பில் இருபது வருடம் ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டம் ஆடியவள் நான். அதில் சீட்டு வலக்கைப் பக்கம்தான் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று ஆட்டம். இரண்டு தையல்நாயகி ஜெயித்தாள். புதியவர்களுக்கு அப்படி அமைவதுண்டு.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வெல்லம் அதிகம். ஆட்டம் இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

இந்தச் சின்ன ஆட்டத்தின் சௌகரியம் என்னவென்று இன்று யோசித்தேன். பதினைந்து நிமிடத்துக்குள் ஒருவரை வெறுத்து, தோற்கடித்து, மன்னித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். மனதில் எதையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டாம். தோற்றவர்கள் “இன்னொண்ணு” என்றால் உடனே இன்னொன்று. இன்று ஐந்து ஆட்டம் ஆடினோம். மேலாளர் சுகந்தி வந்து மேசையைத் துடைக்க வேண்டும் என்று சொல்லும் வரை.

ஐந்தில் மூன்று தையல்நாயகி. அதில் ஒன்றில் சீட்டை மறுபடியும் என் பக்கம் தள்ளினாள். கண்டித்தேன். “அய்யோ, பழக்க தோஷங்க” என்றாள். சீட்டே தொட்டறியாதவளுக்கு என்ன பழக்கம்?

எல்லோரும் அவளோடு சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டர் அவளுக்குத் தேநீர் எடுத்து வந்து கொடுத்தார். நான் என் தேநீரை நானே எடுத்துக்கொள்வேன், அது வேறு விஷயம்.

ஜனவரி 22, திங்கள்

ஒன்பதாம் எண் அறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தையல்நாயகி சாப்பிட வந்துவிட்டாள். வராந்தா வரை தண்ணீர். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, திறந்து பார்த்தது மறந்துவிட்டது என்கிறாள்.

மாலையில் சுகந்தி என் அறைக்கு வந்தாள். சுறுசுறுப்பான பெண், பேசும்போதே கையில் இருக்கும் பலகைக் கணினியில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள்.

“ஆன்ட்டி, நீங்க டெய்லி அவங்களோட உக்காந்து விளையாடறீங்க. அவங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு சின்ன நோட் மாதிரி எழுதித் தர முடியுமா? அடுத்த மாசம் பதினாறாம் தேதி அவங்களப் பாக்க வெளியேர்ந்து டாக்டர் வர்றாங்க. ஷார்ஜால இருக்கற பையனுக்கும் நாங்க ஒரு முடிவு சொல்லணும்.”

“என்ன முடிவு?”

“தேர்ட் ஃப்ளோர்.”

மூன்றாம் தளம் தனியாக இருக்க முடியாதவர்களுக்கானது. அதன் லிஃப்ட் கதவு அட்டை தேய்த்தால்தான் திறக்கும், அட்டை நர்ஸ்களிடம்தான் இருக்கும். போனவர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. நான் பார்த்த நான்கு வருடத்தில்.

ஒப்புக்கொண்டேன். பாரபட்சமில்லாமல் எழுதக்கூடியவர் இங்கே வேறு யார்?

சுகந்தி போகும்போது, என் முழங்காலுக்குக் கீழ்த்தள அறைதான் நல்லது என்று எலும்பு டாக்டர் எழுதியிருப்பதாகவும், காலியானால் பட்டியலில் நான்தான் முதல் என்றும் சொன்னாள். நான் அதைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

ஜனவரி 29, திங்கள்

குறிப்பு எழுதுவது எளிதான காரியமல்ல. நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன்: தேதி, ஆட்டங்கள், தவறு, அதற்குச் சொன்ன பதில். போன வாரம் ஐந்து நாளில் ஒன்பது முறை இடப்பக்கம் தள்ளியிருக்கிறாள். நான் சொன்னால் திருத்திக்கொள்கிறாள். ஆட்டம் விறுவிறுப்பானதும் பழையபடி. ‘வலது, இடது பேதம் தெரியவில்லை’ என்று எழுதினேன். நடந்ததை எழுதினேன்.

எத்தனை ஆட்டம் ஜெயித்தாள் என்பதற்குக் கட்டம் போடவில்லை. சுகந்தி அதைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

தையல்நாயகி என் அறைக்கு வந்தாள். படியேறி வந்திருக்கிறாள், லிஃப்டில் வந்தால் சுகந்தி பார்ப்பாளாம். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“ஹில்டாம்மா, நீங்க ஏதோ எழுதறீங்கன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“குழாய் விட்டது தப்புதாங்க. இனிமே ஒரு தரம் நடக்காது. கதவுல சீட்டு எழுதி ஒட்டி வச்சிருக்கேன். ஆனா இந்த வெளையாட்டுல கை மாறிப் போறத எழுதாதீங்க. என்னமோ வட்டமா உக்காந்தாலே கை அந்தப் பக்கந்தான் போவுது. புத்தி சரியாத்தாங்க இருக்கு.”

“புத்தி சரியா இருந்தா கை ஏன் போகுது?”

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூணாம் மாடிக்குப் போனா அந்தக் கதவு கெடையாதுங்க” என்றாள். “காலம்பற நான் எறங்கிப் போவணும். அது ஒண்ணுதாங்க எனக்கு. மத்ததெல்லாம் எங்க வச்சாலும் இருந்துப்பேன்.”

எனக்கு யார் மீதும் விரோதம் இல்லை என்றும், உள்ளதை உள்ளபடி எழுதுவது என் வளர்ப்பு என்றும் சொன்னேன்.

“அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க. பதினாறாம் தேதிக்குள்ள நான் கத்துக்கறேன்.”

இதை நான் மறுத்திருக்க முடியாது. மறுக்கவும் இல்லை. இது நாட்குறிப்பில் இருக்கட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்று நாளாக, மூன்று மணிக்கு, தனியாகப் பயிற்சி. காலி நாற்காலிகளுக்குச் சீட்டுப் போடுகிறோம். தையல்நாயகி வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். “நூல் பக்கம், நூல் பக்கம்” என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளுகிறாள். இருபது தள்ளலில் மூன்று தவறு. நேற்று ஏழு.

சொல்லிக்கொடுப்பதில் எனக்குப் பொறுமை உண்டு என்பதை இங்கே யாரும் கவனித்ததில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தையல்நாயகி ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் நூலையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. நான்கு ஆட்டத்தில் மூன்று நான்.

அவள் போன பிறகு டாக்டர் நஞ்சப்பன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ஏனுங்க மேடம், முன்னால அந்தம்மா ஆடறப்ப மேசையே கலகலன்னு இருந்துச்சுங்க. இப்பப் பரீட்சை ஹால் மாதிரி ஆயிப்போச்சு.”

“தப்பு இல்லாம ஆடறாங்களே?”

“இது பதினஞ்சு நிமிசத்துச் சீட்டுங்க. யாரு கையில குயில் இருக்குதுன்னு இது சொல்லும். அதுக்கு மேல ஒண்ணுஞ் சொல்லாதுங்க. நான் மாட்டுக்கு வாயத் தொறந்து பல்லப் பாத்து வயசு சொல்லுவேன். அதோட புத்தி எப்படின்னு பல்லப் பாத்துச் சொன்னதில்லீங்க.”

“மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் வித்தியாசம் இருக்கு, டாக்டர்.”

“இருக்குதுங்க. மாடு நோட்டு எழுதாதுங்க.”

கொங்கு நாட்டு நகைச்சுவை. நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரோவினா வந்தாள். பதினொன்றுக்கு என்று சொல்லி ஒன்றரைக்கு. பொதுக்கூடத்தில் யாரும் இல்லை. சுவரில் அட்டையைப் பார்த்ததும் குதித்தாள்.

“அத்தை, நீங்களா எழுதினீங்க? சூப்பர். ‘வலமாக’. என்ன அழகான வார்த்தை! எனக்குத் தோணியிருக்காது.”

உட்கார்ந்து சீட்டுப் போட்டேன். காலி நாற்காலிகளுக்கும் சேர்த்து. நான் வலப்பக்கம் தள்ளினேன்.

“அத்தை, அந்தப் பக்கம் இல்ல.”

“வலப்பக்கம்தான்.”

“இல்லத்தை. கிளாக்வைஸ்னு இருக்கு. கடிகார முள் சுத்தற மாதிரி.” மேசையின் மேல் விரலால் வட்டம் போட்டாள். “பாருங்க, இப்படிச் சுத்தினா நமக்கு லெஃப்டுல இருக்கறவங்களுக்குத்தானே போகும்? நீங்கதான் கரெக்டா எழுதியிருக்கீங்களே, வலமா. கோயில்ல எப்படி வலம் வர்றாங்க? அதே மாதிரி.”

நாம் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை என்றேன்.

“போக வேண்டாம். ஜன்னல்ல நின்னு பாத்தாலே தெரியுமே” என்று சிரித்தாள். பிறகு அவள் அலுவலகத்தைப் பற்றி நிறையப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு துண்டுத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். ஒரே ஒரு சொல். அதைத் தமிழில் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுதியது சரி. எழுதியதில் குற்றம் சொல்ல முடியாது.

பிப்ரவரி 12, திங்கள்

விடியும் முன்பே விழிப்பு. ஜன்னலருகே நின்றேன். தையல்நாயகி வேப்பமரத்தை நோக்கிப் போனாள். பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டாள். தன் இடப்பக்கமாக அடியெடுத்து வைத்து, சிலையை வலது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

பதினோரு சுற்று. ஒரு முறைகூடத் திசை மாறவில்லை.

மேசை விரிப்பை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். காபிக் கறை போய்விட்டது.

பிப்ரவரி 13, செவ்வாய்

அட்டையில் தெளிவுக்காக ஒரு சொல்லை மாற்றினேன். ‘வலமாக’ என்பது பலருக்கும் குழப்பம் தருகிறது. ‘இடக்கைப் பக்கமாக’ என்று எழுதினேன். அதே மை, அதே அளவு எழுத்து. ஆபீஸ் பையனிடம் கொடுக்காமல் நானே நின்று லேமினேட் செய்து வாங்கி வந்தேன். பழைய அட்டையை எடுத்து வந்துவிட்டேன். லேமினேட் செய்தது கையால் கிழியாது. துணி வெட்டும் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது.

தவறு தெரிந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திவிட்டேன்.

சுகந்தியிடம் கொடுத்த பழைய குறிப்புகளில் இருபதுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவற்றை இப்போது திருப்பிக் கேட்டால் அவள் ஏன் என்று கேட்பாள். தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குக் கடிகாரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியவில்லை என்று எண்பத்தொரு வயதில் சொல்ல வேண்டும். பிறகு மூன்றாம் தளத்துக்கு யார் போவது என்று அவர்கள் வேறு மாதிரியும் யோசிக்கலாம்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். குடியிருப்பு வேனில் தேவாலயத்துக்குப் போனோம். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சமையல்காரரிடம் கோபப்பட்டது, ஜெபமாலையில் கவனம் சிதறியது, நஞ்சப்பனின் பேச்சை மனதில் வைத்திருந்தது. “வேற ஏதாவது, அம்மா?” என்று ஃபாதர் கேட்டார். சின்னப் பையன், குரலில் அவசரம். பின்னால் வரிசை நீளம். இல்லை என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

தையல்நாயகியை ரத்தப் பரிசோதனைக்கு டவுனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அதனால் மூன்று பேர். ‘புதிய பதிப்பில் இடப்பக்கம் என்று மாற்றியிருக்கிறார்களாம், ரோவினா சொன்னாள்’ என்று மற்ற இருவருக்கும் சொன்னேன். மீனலோசனிக்குத் தாளில் எழுதிக் காட்டினேன், தலையாட்டினாள். டாக்டர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரிங்க. எந்தப் பக்கமானா என்னங்க” என்றார்.

தையல்நாயகிக்கும் சொல்ல வேண்டும். ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள். களைத்திருந்தாள். எனக்கும் முழங்கால் வலி.

பிப்ரவரி 16, வெள்ளி

நாலு மணி. டாக்டரம்மா வந்தாள், முப்பது வயதுக்குள். சுகந்தி. பலகைக் கணினியில் ஷார்ஜாவிலிருந்து தையல்நாயகியின் மகன்.

காலையில் சொல்லியிருக்கலாம். மதியம் சாப்பாட்டு மேசையிலும் பக்கத்தில்தான் இருந்தாள். ‘இன்னிக்கு ஒரு தப்பும் வராது பாருங்க’ என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். கையை விடுவித்துக்கொண்டேன். ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

கேள்விகள் முதலில். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது. எல்லாம் ஓரளவு சொன்னாள். “பரவாயில்லையே” என்றாள் டாக்டரம்மா. “இப்ப நீங்க எப்பவும் விளையாடற மாதிரி விளையாடுங்க. நான் சும்மா பாக்கறேன்.”

தையல்நாயகி பட்டுக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். கூடுதல் சீட்டு அவளுக்கே வந்தது. நூலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வலப்பக்கம் மீனலோசனியிடம் தள்ளினாள். தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மீனலோசனி சீட்டைத் தொடாமல் கையை ஆட்டினாள். “அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று, காது கேட்காதவர்கள் பேசும் பெரிய குரலில்.

“இல்லீங்க, இதாங்க வலது. நூல் கட்டியிருக்கேன் பாருங்க.”

சுகந்தி சுவரில் இருந்த அட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள். “படிங்க ஆன்ட்டி.”

தையல்நாயகி படித்தாள். சத்தமாகத்தான் படித்தாள். ‘இடக்கைப் பக்கமாக’. மறுபடியும் படித்தாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

“இது வலமான்னு இருந்துச்சே” என்றாள்.

“மாத்திட்டாங்கம்மா” என்றார் நஞ்சப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார். “தையலம்மாகிட்டச் சொன்னீங்களா, மேடம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணினிக்குள் இருந்த மகனும்.

“சொல்லியிருக்கேன்” என்றேன். சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்தது உண்மை.

தையல்நாயகி என்னை வெகு நேரம் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. எங்கேயோ வைத்த பொருளைத் தேடுகிற மாதிரி இருந்தது முகம்.

“சொன்னீங்களா?” என்றாள். “எப்பங்க?” பிறகு, “சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லாம இருப்பீங்களா! எனக்குத்தான்…”

கையிலிருந்த ஆறு சீட்டையும் மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“அம்மா, பரவால்லம்மா” என்றான் மகன், ஷார்ஜாவிலிருந்து. “பரவால்ல. இனிமே உன்னப் பாத்துக்க ஆள் இருப்பாங்க.”

டாக்டரம்மா எழுதினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

தையல்நாயகியை மேலே மாற்றினார்கள். ஒரு பெட்டி, ஒரு குத்துவிளக்கு, குழாய் பற்றிக் கதவில் ஒட்டிய தாள். அந்தத் தாளைச் சுகந்தி கிழிக்கப் பார்த்தாளாம். ‘அது மேல ஒட்டறதுக்கு’ என்று தையல்நாயகி வாங்கிக்கொண்டாளாம். நான் வெளியே வரவில்லை. வரவேண்டிய கடிதம் ஒன்று இருந்தது, அதற்காக அறையில் காத்திருந்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

ஒன்பதாம் எண் அறை. வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். ஜன்னல் அகலம் நாலடி இரண்டு அங்குலம். பழைய திரைச்சீலை ஒரு சாண் குறைகிறது. தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விடச் சொல்ல வேண்டும். முழங்காலுக்கு உண்மையிலேயே சௌகரியம்.

மார்ச் 4, திங்கள்

மூன்று பேர் ஆட்டத்தில் சீட்டு சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது. எட்டு நிமிடம்கூட ஆவதில்லை. இன்று மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் டாக்டர் நஞ்சப்பன் சீட்டைக் கீழே வைத்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கறனுங்க. அந்த அட்டைய எப்ப மாத்துனீங்க?”

“ஏன்?”

“அந்தம்மா வெரல்ல வட்டம் போட்டுக் காமிச்சாங்களே. நேத்து எங்கூர்ல ஒரு கும்பாபிசேகமுங்க. சாமி ஊர்வலம் கோயிலச் சுத்தி வந்துச்சு. பாத்துட்டே நின்னனுங்க.”

என் சீட்டுகளைச் சரிசெய்துகொண்டேன். யாரும் பதில் சொல்லும்படி அவர் கேட்கவில்லை.

எழுந்து போனார். போகிற வழியில் செஸ் பலகை முன் நின்றார். நவம்பரிலிருந்து நின்ற காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். மீனலோசனி அவருக்கும் தலையாட்டினாள்.

மார்ச் 7, வியாழன்

டாக்டர் வரவில்லை. மீனலோசனி நாற்காலியில் தூங்கிவிட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்குப் போனேன். அட்டை தேய்த்துத் திறந்துவிட ஒரு நர்ஸ் வந்தாள். “அவங்களப் பாக்க வர்ற மொத ஆள் நீங்கதான் ஆன்ட்டி” என்றாள். இது எனக்கான பாராட்டு.

ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் இளைத்துவிட்டாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“வாங்க ஹில்டாம்மா. வெளையாடவா?”

அறைக்கு ஒரே ஒரு சிறு மேசை. எதிரெதிராக உட்கார்ந்தோம். டப்பாவில் ‘மூன்று அல்லது நான்கு பேர்’ என்று போட்டிருக்கிறது. இரண்டு பேர் ஆடினால் என்னிடம் இல்லாதது அவளிடம், அவளிடம் இல்லாதது என்னிடம். ஒளிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் வேறு ஆள் இல்லை. இருபத்தைந்தையும் பங்கிட்டேன். கூடுதல் சீட்டு அவளுக்கு வந்தது.

சீட்டுகளை விசிறியாகப் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். ஒன்றை உருவினாள். அது குயிலாகத்தான் இருக்கும். என் கையில் இல்லையே.

கை நடுவழியில் நின்றது. இடப்பக்கம் பார்த்தாள், அங்கே சுவர். வலப்பக்கம் பார்த்தாள், அங்கே கட்டில். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் தரணும் ஹில்டாம்மா?” என்றாள். “சொன்னீங்கன்னா செய்துடுவேன்.”

சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். எதிரே நான் மட்டும்தான் இருக்கிறேன், எந்தப் பக்கமானாலும் அது நான்தான் என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருந்தது. அவள் வாயைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள்.

“யோசிச்சுப் பாருங்க” என்றேன்.

யோசித்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால் ஆனது. கீழே தேநீர் கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். சீட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டேன். இருபத்து நான்கு இருந்தது. ஒன்றை அவள் விடவில்லை. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.